நிறத்தெரிவுப் பெட்டி

நெடுந்தீவிற் பிறந்தவர்க்கு நன்னீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு கிணற்றில் நன்னீர் ஊற, கூப்பிடு தூரத்திலுள்ள மற்றொன்றில் உவர்நீர் ஊறும் நிலம் அது. சுண்ணக்கல்லினூடே இறங்கிய மழைநீர், கீழுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்கி நிற்கின்றது. கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நன்னீர்க் கிணறும் உவராகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஊர் இளைஞர் சிலருடன் சேர்ந்து, கிணறுகளைத் தேசப்படத்திற் குறித்துக் காட்டும் கைபேசிச் செயலியொன்றை ஆக்கினேன். நன்னீர்க் கிணற்றுக்குப் பச்சைப் புள்ளி. உவர்க் கிணற்றுக்குச் சிவப்புப் புள்ளி. ஏற்பாடு செவ்வையானதென்றே எண்ணினோம். அதனை முதன்முதற் கையிலெடுத்துப் பார்த்தவர் என் அம்மான். சிறிதுநேரம் உற்று நோக்கிவிட்டு, “தம்பி, எல்லாம் ஒரே மாதிரிப் புள்ளியாய்க் கிடக்கு; இதிலே குடிக்கிற தண்ணி எது?” என்று கேட்டார். அறுபது வயதைக் கடந்த அவருக்குச் சிவப்பும் பச்சையும் வேறுபட்டுத் தோன்றா என்பதை அன்றுதான் நாங்கள் அறிந்தோம்.

பயன்படுத்துவோர் தமக்கேற்ற நிறத்தைத் தாமே தெரிந்துகொள்ள ஒரு நிறத்தெரிவுப் பெட்டியைச் செயலியிற் சேர்க்கத் துணிந்தது அதன் பின்னரே. ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலையென்று தொடங்கினேன். பல வாரங்கள் கழிந்தன. அவ்வாரங்களிற் கற்றவற்றை மாணவர்க்குப் பயன்படுமாறு ஈண்டுக் கூறுவேன்.

முதலிற் கைபேசி நிறத்தை எவ்வாறு அறிகின்றது என்பதைக் காண்போம். அதன் திரை எண்ணிறந்த நுண்புள்ளிகளால் ஆயது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகள் உள. ஒவ்வோர் ஒளியின் வலிமையும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாற் குறிக்கப்படும். ஆகவே ஒவ்வொன்றும் 256 படிகள் உடையது; மூன்றையும் பெருக்க 1,67,77,216 நிறங்கள் கிடைக்கின்றன. மூன்றும் 0 ஆயின் கருமை. மூன்றும் 255 ஆயின் வெண்மை. மூன்றும் சமமாய் இடைநிற்பின் நரை நிறம். சிவப்பும் பச்சையும் வர்ணப்பூச்சாகக் கலந்தால் மங்கிய மண்ணிறம் தோன்றும். ஒளியாகக் கலந்தாலோ மஞ்சள் தோன்றும். ஓவிய வகுப்பிற் பயின்ற கைக்கு இது முதலில் வியப்பளிக்கும்.

மூன்று ஒளிகளே போதுமானவை என்பது இயந்திரத்தின் இயல்பன்று. நம் கண்ணின் இயல்பு. விழித்திரையில் நிறமறியும் கூம்புக் கலங்கள் மூவகைப்படும். இக்கருத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமஸ் யங் என்னும் அறிஞர் முன்வைத்தார். பின்னர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விரித்துரைத்தார். 1861ஆம் ஆண்டில் மக்ஸ்வெல், ஒரு நாடாவை மூன்று நிறவடிகளினூடே தனித்தனியே படம்பிடிப்பித்து, அப்படங்களை ஒன்றன்மேலொன்றாக ஒளிபாய்ச்சி, நிறப்படமொன்றை இலண்டனிற் காட்டினார். இன்று நம் சட்டைப் பையிலுள்ள திரை அப்பரிசோதனையின் வழித்தோன்றலே.

ஆயினும் மனிதர் மூன்றெண்களால் நிறத்தை நினைப்பதில்லை. “இன்னுஞ் சற்று வெளிறலாக”, “இன்னுங் கொஞ்சம் இருட்டாக” என்றே சொல்வர். ஆதலின் தெரிவுப் பெட்டியிற் பெரும்பாலும் வேறொரு முறை கையாளப்படுகின்றது. 1978இல் அல்வி ரே ஸ்மித் விவரித்த அம்முறையில் நிறம் சாயல், செறிவு, ஒளிர்வு என மூன்று கூறுகளாகப் பிரிக்கப்படும். சாயல் ஒரு வட்டத்தில் அமைவது: சிவப்பு 0 பாகை, பச்சை 120, நீலம் 240. செறிவு நிறத்தின் அழுத்தத்தையும், ஒளிர்வு அதன் வெளிச்சத்தையும் குறிப்பன. மூன்றெண்களுள் மிகப் பெரியதே ஒளிர்வைத் தரும். மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வேறுபாட்டை மிகப் பெரியதால் வகுக்கச் செறிவு கிடைக்கும். சிவப்பு 255, பச்சை 128, நீலம் 0 என்று கொண்டால், செறிவும் ஒளிர்வும் நூற்றுக்கு நூறு. சாயல் ஏறத்தாழ 30 பாகை. அதுவே செம்மஞ்சள்.

இவ்விடத்திலேதான் யான் முதன்முதல் இடறினேன். ஒளிர்வை முற்றாகக் குறைத்துப் பின் மீண்டுங் கூட்டியபோது, நீலமாயிருந்த நிறம் நரையாயிற்று. செறிவைக் கூட்டினாற் சிவப்பாயிற்று. காரணம் எளிது. கருமைக்குச் சாயல் இல்லை, நரைக்கும் இல்லை. ஒவ்வோர் அசைவிலும் மூவொளி எண்களிலிருந்து சாயலைத் திரும்பக் கணித்தமையால், கருமையைத் தொட்டவுடன் பழைய சாயல் அழிந்துபோயிற்று. பெட்டி திறந்திருக்கும் வரை சாயல், செறிவு, ஒளிர்வு ஆகியவற்றையே நினைவில் வைத்திருத்தல் வேண்டும். மூவொளி எண்களை அவற்றிலிருந்து பெறுதல் வேண்டும். இதனை உணர எனக்கு மூன்று இரவுகள் சென்றன.

இரண்டாவது இடறல் கைபேசியைத் திருப்பியபோது நேர்ந்தது. அன்ரொயிட் கைபேசியைக் குறுக்காகப் பிடித்தால், வேறு ஏற்பாடு செய்யாதவிடத்து, திரைப்பக்கம் முழுவதும் அழிக்கப்பட்டு மீண்டும் ஆக்கப்படும். தெரிந்த நிறத்தை முன்னரே சேமித்து வையாவிடின் அது போய்விடும். அப்பிள் நிறுவனம் 2020ஆம் ஆண்டிலே தன் கைபேசிகளுக்கு ஆயத்தமான நிறத்தெரிவுப் பெட்டியொன்றை வழங்கிற்று. யான் கையாண்ட அன்ரொயிட் கருவித்தொகுதியில் அத்தகையதொன்று இன்மையால் பெட்டியை யானே ஆக்கவேண்டியதாயிற்று.

பெட்டிக்கு வேறு சில கடமைகளும் உள. பழைய நிறமும் புதிய நிறமும் அருகருகே காட்டப்படுதல் வேண்டும். “சரி” என்று அழுத்தும் வரை யாதொன்றும் மாறலாகாது. “கைவிடு” என்றால் எல்லாம் முன்போல் நிற்றல் வேண்டும். முதிய விரல்கள் தவறாது தொடத்தக்கவாறு பொத்தான்கள் பெரியனவாதல் வேண்டும். ஒவ்வொரு நிறக்கட்டத்துக்கும் பெயரிடுதலும் வேண்டும். பார்வையற்றோர்க்குத் திரையை வாசித்துக் கூறும் வசதி அப்பெயரையே ஒலிக்கும்.

இனி அம்மானின் குறைக்கு வருவோம். தம் கண்ணிலிருந்த இத்தகைய குறையை ஆராய்ந்து, வேதியியலறிஞர் தோல்ற்றன் 1794ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரை வாசித்தார். சிவப்பு–பச்சை மயக்கத்துக்குக் காரணமான மரபணுக்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளன. ஆண்களுக்கு அந்நிறமூர்த்தம் ஒன்றே உண்டு. ஆதலால் அவர்களிடையே இது மிகுதி. வட ஐரோப்பிய வழியினரிடையே ஆண்களில் நூற்றுக்கு எண்மர் அளவிற் காணப்படுகின்றது. பெண்களில் இருநூற்றுக்கு ஒருவரே. தாய்வழியாக வருவதாதலின், அம்மானுக்கு உண்டென்றறிந்ததும் யானும் கண்ணைச் சோதிப்பித்துக்கொண்டேன். குறையில்லை.

கடலோடிகளுக்கு இது சிறு செய்தியன்று. இரவிற் செல்லும் கலம் இடப்புறத்தே செவ்விளக்கையும் வலப்புறத்தே பச்சை விளக்கையும் உடையது. எதிரே வருங் கலம் எப்பக்கமாகச் செல்கின்றதென்பதை அவற்றைக் கொண்டே அறிவர். ஆயினும் அங்கே நிறம் தனித்து நிற்பதில்லை. விளக்கு நின்ற இடமும் பொருள் தருகின்றது. இதனை எண்ணியபோதே எனக்கு வழி தெளிந்தது. பெட்டி எவ்வளவு நன்றாக அமைந்தாலும், நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி கூறுதல் தகாது. நன்னீர்க் கிணற்றுக்கு வட்டமும் உவர்க் கிணற்றுக்கு முக்கோணமும் அமைத்தேன். நிறம் அவரவர் விருப்பத்தின்படி மாறும், வடிவம் மாறாது.

அம்மான் நன்னீருக்கு நீலத்தையும் உவருக்கு மஞ்சளையும் தெரிந்தார். அவை இரண்டும் அவருக்கு நன்கு வேறுபட்டுத் தோன்றின. ஆனால் வெண்ணிறப் படத்தின்மேல் மஞ்சள் எவர்க்குந் தெளிவாகாது. வெண்மைக்கும் தூய மஞ்சளுக்கும் உள்ள ஒளி விகிதம் ஏறத்தாழ 1.07 மட்டுமே, இத்தகைய குறிகளுக்கு இணையத்தர வழிகாட்டிகள் 3 வேண்டுமென்கின்றன. எனவே ஒவ்வொரு குறிக்கும் கரிய விளிம்பிட்டேன். நண்பகல் வெயிலிலும் இப்போது அது புலனாகின்றது.

மாணவர்களே, கருவியொன்றை ஆக்கும்போது நம் கண்ணையே உலகின் கண்ணென்று கொள்ளுதல் எளிது. ஆக்கியவன் கண்ணுக்குச் செவ்வையாய்த் தோன்றிய படம், தண்ணீர் தேடி வந்த ஒருவருக்கு யாதும் கூறாது நின்றது. அவர் கேட்காதிருந்தால் அக்குறை இன்றும் அங்கேயே இருந்திருக்கும். நீங்கள் ஆக்குவதை முதலில் உங்கள் வீட்டு முதியவர் கையிற் கொடுத்துப் பாருங்கள். அவர் கேட்கும் முதற் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள்.