பணம் தயார், வாங்க ஆள் இல்லை!

பண்ணைப்புரத்தில் ஆர்மோனியம் பழகும் நீங்கள், ஸ்வரம் எழுத உதவும் பழைய கணிப்பொறி நிரல் ஒன்றைக் கண்டெடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். யாரோ பொழுதுபோக்காக எழுதியது. முப்பது நாள் ஓடிவிட்டுப் பணம் கேட்டு நிற்கிறது. எழுதியவரையோ காணோம்!

கேட்பாரற்ற பொருள்தானே, எல்லாருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாமா? கூடாது. நமது பதிப்புரிமைச் சட்டம் 1984ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. எழுதியவர் காலமான பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். (அதுவரை அந்த நிரலை ஓட்டும் கணிப்பொறி இருக்குமா என்ன!)

ஆனால் ஒரு வழி உண்டு. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்பை வெளியிட 31-ஏ பிரிவின்கீழ் அனுமதி கோரலாம். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், ஏற்கெனவே வெளியான படைப்புகளுக்கும் இது பொருந்தும். முதலில் நாளிதழில் விளம்பரம். பிறகு, நிர்ணயிக்கப்படும் தொகையை அரசுக் கணக்கில் கட்ட வேண்டும். அவரோ வாரிசோ என்று வந்து கேட்டாலும் பணம் அங்கே காத்திருக்கும்.