மெக்னீசியம் மடக்கும் இழை

ஹெபடைடிஸ் சி வைரஸின் மரபுச் செய்தி முழுவதும் ஒற்றை ஆர்.என்.ஏ. இழையில் அடங்கியிருக்கிறது. நீளம் சுமார் 9,600 எழுத்துகள். நம் உயிரணுக்களின் செய்தி ஆர்.என்.ஏ.க்களுக்கு முனையில் வேதித் தொப்பி ஒன்று உண்டு. அதை அடையாளம் கண்டு, பல புரதங்களின் துணையோடு ரைபோசோம் வந்து சேரும். புரத உற்பத்தி தொடங்கும். வைரஸின் இழைக்கு அந்தத் தொப்பி கிடையாது. அதற்குப் பதிலாகத் தொடக்கப் பகுதியில் முந்நூற்றுச் சொச்சம் எழுத்துகளை ஒரு குறிப்பிட்ட வடிவில் மடித்து வைத்திருக்கிறது. ரைபோசோமைப் பிடித்து உட்கார வைப்பது இந்த மடிப்புதான். அது குலைந்தால் வைரஸால் தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ள முடியாது.

மடிப்பு எதன் பலத்தில் நிற்கிறது? எழுத்துகளின் ஜோடிப் பொருத்தத்தில் என்பது வழக்கமான பதில். அது பாதிதான் உண்மை. இழையின் முதுகெலும்பில் எழுத்துக்கு ஒன்றாகப் பாஸ்பேட்டுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் எதிர்மின்சுமை. ஒரே வகைச் சுமைகள் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே இழையைத் தனியே விட்டால் விரிந்து கிடக்கவே முயலும். அதை நெருக்கி மடக்க, சுற்றியுள்ள நேர்மின் அயனிகள் அந்தத் தள்ளலைத் தணிக்க வேண்டும்.

உயிரணுவுக்குள் பொட்டாசியம் ஏராளம். அது பொதுவாகத் தள்ளலைக் குறைக்கிறது. ஆனால் இறுக்கமான திருப்பங்களுக்கு மெக்னீசியம்தான் பொருத்தமானது. சிறிய அயனி, இரட்டை மின்சுமை, சுற்றிலும் ஆறு நீர் மூலக்கூறுகள். பெரும்பாலான மெக்னீசியம் அயனிகள் ஓரிடத்தில் நிற்காமல் இழையைச் சுற்றி மேகம்போல் அலைகின்றன. ஒரு சில மட்டும் குறிப்பிட்ட மூலைகளில் நிலைகொண்டு, விலகப் பார்க்கும் பாஸ்பேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கின்றன.

ஜெஃப்ரி கீஃப்ட், ஜெனிஃபர் டவுட்னா உள்ளிட்ட குழுவினர் 1999இல் இந்த வைரஸ் பகுதியை ஆராய்ந்தார்கள். புரதம் எதையும் சேர்க்காமல், உயிரணுவில் இருக்கும் அளவை ஒத்த உப்புச் சூழலிலேயே அது தன் முப்பரிமாண வடிவத்தை எடுத்துக்கொண்டது. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அந்த உப்பின் அளவுதான். உயிரணுவில் கட்டுப்படாமல் திரியும் மெக்னீசியம் ஏறத்தாழ ஒரு மில்லிமோலார் அல்லது அதற்கும் குறைவு. சோதனைக் குழாயில் பத்து மில்லிமோலார் ஊற்றுவது சாதாரண வழக்கம். அந்தத் தாராளத்தில் தெளிவாகத் தெரியும் வடிவம் உயிரணுவிலும் அப்படியே நிற்கும் என்று சொல்லிவிட முடியாது. வைரஸ் ஆர்.என்.ஏ.வின் படத்தை வெளியிடுகிறவர்கள் எழுத்து வரிசைக்குத் தரும் முக்கியத்துவத்தை அயனிகளின் அளவுக்கும் தர வேண்டும்.

அந்தத் தொடக்கப் பகுதியில் இரண்டாம் களம் என்றொரு துண்டு உண்டு. அது ரைபோசோமின் உட்புறம்வரை எட்ட வேண்டும்; எட்டுவதற்கு மடக்கிய முழங்கைபோல் வளைந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் தாமஸ் ஹெர்மனின் குழு 2007இல் வெளியிட்ட படிக அமைப்பில் அந்த வளைவு கிட்டத்தட்ட 90 பாகையில் இருந்தது. அதை மெக்னீசியம் அயனிகள் நிலைப்படுத்தியிருந்தன. கரைசலில் செய்த சோதனையும் இதையே காட்டியது. படிகத்தை மட்டும் நம்பாமல் கரைசலிலும் சோதித்தது மிகச் சரியான முடிவு. ஏனென்றால் மெக்னீசியம் அயனி, சோடியம் அயனி, நீர் மூலக்கூறு மூன்றிலும் பத்துப் பத்து எலக்ட்ரான்கள். எக்ஸ் கதிருக்கு இவை ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆறு அண்டைகள் எண்முக வடிவில் சூழ்ந்திருக்கின்றனவா, இடைவெளி 2.1 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மெக்னீசியத்தை அடையாளம் காண வேண்டியிருக்கிறது.

எல்லா வைரஸிலும் மெக்னீசியம் வளைக்கத்தான் செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. எச்.ஐ.வி.யின் டார் என்ற ஆர்.என்.ஏ. துண்டில் நடப்பது நேர் எதிர். மெக்னீசியம் இல்லாதபோது வளைந்து தளர்ந்திருக்கும் அதன் இரு தண்டுகளும், அயனி சேர்ந்ததும் ஒரே நேர்கோட்டில் நிமிர்கின்றன. அயனி எங்கே அமர முடிகிறதோ அதைப் பொறுத்தது விளைவு.

வளைவை அயனிகள் தாங்குகின்றன என்றால், வேறொரு மூலக்கூறைக் கொண்டு அதை நிமிர்த்தவும் முடியுமல்லவா? பென்சிமிடசோல் வகைச் சேர்மங்கள் சில இதைச் செய்கின்றன. 2012இல் ஹெர்மன் குழு வெளியிட்ட படத்தில், அப்படிப்பட்ட சேர்மம் ஒன்று இழைக்குள் குழி அமைத்து உட்கார்ந்திருக்கிறது. முழங்கை நீட்டிய நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் புரத உற்பத்தி தடைபடுகிறது. இது இன்னும் மருந்தாகவில்லை. இன்று ஹெபடைடிஸ் சி நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரைக் குணப்படுத்தும் சோஃபோஸ்புவிர் முதலான மாத்திரைகள் வைரஸின் நொதிகளையும் புரதங்களையும்தான் தாக்குகின்றன.

இருந்தும் இந்த ஆராய்ச்சி வீணல்ல. 2014இல் அதே குழு வேறு வைரஸ்களிலும் இதே வேலையைச் செய்யும் ஆர்.என்.ஏ. துண்டுகளைக் கண்டது. பன்றிகளைத் தாக்கும் காய்ச்சல் வைரஸ் அவற்றில் ஒன்று. எழுத்து வரிசை பெரிதும் வேறுபட்டிருந்தும், ஹெபடைடிஸ் சி-யின் முழங்கையை நிமிர்த்திய சேர்மம் அவற்றையும் பிடித்துக்கொண்டது.