பரிசு அட்டை விற்ற பணம் யாருடைய பணம்? இணைய வணிகர்களுக்கு ஒரு கணக்கு விளக்கம்

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கடை எடுக்க முதல் இல்லாதவர்களுக்கு இன்று கைப்பேசியே கடையாகிவிட்டது. பண்டமாரானில் வீட்டு வரவேற்பறையில் சேலைகளை அடுக்கி வைத்து, முகநூல் நேரலையிலும் சொந்த இணையத்தளத்திலும் விற்கும் பெண்களைப் பார்க்கலாம். தீபாவளி நெருங்கும்போது இத்தகைய வணிகர்கள் சிலர் பரிசு அட்டையும் விற்கிறார்கள். 100 வெள்ளி செலுத்தினால் ஒரு குறியீட்டு எண் புலனத்தில் வந்து சேரும். அதைத் தங்கைக்கோ தோழிக்கோ அனுப்பிவிடலாம். அவர் தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார்.

விற்பவருக்கும் இது நல்ல வியாபாரமாகத் தோன்றும். பொருள் இன்னும் அலமாரியில் இருக்கிறது. பணமோ வங்கியில் ஏறிவிட்டது. அந்தப் பணம் புதுச் சரக்குக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் போய்விடுகிறது. பிறகு ஜனவரியில் பொங்கல் வருகிறது. “அக்கா, தீபாவளிக்கு ஒரு கார்டு கொடுத்தாங்க. இந்தச் சேலைய அதுல கழிச்சிக்கோங்க” என்று செய்தி வருகிறது. ஒன்று இரண்டு அல்ல, முப்பது நாற்பது செய்திகள். சேலைகள் வீட்டை விட்டுப் போகின்றன, காசு வரவில்லை. போன வருடம் நல்ல லாபம் என்று நினைத்தவருக்கு இந்த வருடம் சரக்கு எடுக்கவே கையில் பணமில்லை.

வியாபாரம் கெட்டுப்போனதால் வந்த நெருக்கடி இல்லை இது. கணக்கில் ஒரு வரியைத் தவறான இடத்தில் எழுதியதால் வந்தது.

555 புத்தகத்தைத் திருப்பிப் பிடியுங்கள்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 555 நோட்டுப் புத்தகம் தெரியும். தோட்டத்துக் கடையில் அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் பற்றில் வாங்கினோம். கடைக்காரர் அந்தச் சிறிய புத்தகத்தில் எழுதி வைப்பார். சம்பளம் போட்ட அன்று கணக்கைத் தீர்ப்போம். பொருள் முதலில், பணம் பிறகு. அந்த இடைப்பட்ட நாட்களில் நாம்தான் கடைக்குக் கடன்பட்டவர்கள்.

பரிசு அட்டை அதற்கு நேர் எதிரானது. பணம் முதலில், பொருள் பிறகு. எனவே இங்கே கடன்பட்டவர் கடைக்காரர். அட்டை விற்ற நாளில் அவர் எதையும் விற்கவில்லை. பிறகு பொருள் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த வாக்கு நிறைவேறும் வரை அந்தப் பணம் அவருடைய வருமானம் ஆகாது.

உலகெங்கும் கணக்கியல் விதி இதுதான். மலேசியாவில் 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள எம்எஃப்ஆர்எஸ் 15 என்னும் தரநிலை, வாடிக்கையாளரிடம் முன்கூட்டி வாங்கிய பணத்தைப் பொறுப்பாக, அதாவது திருப்பித் தீர்க்க வேண்டிய கடனாகக் காட்டச் சொல்கிறது. சிறிய செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனங்கள் பின்பற்றும் எம்பிஇஆர்எஸ் தரநிலையிலும் பொருள் கைமாறிய பிறகே அது விற்பனை. தனிநபர் பெயரில் பதிவு செய்த சிறு வணிகத்துக்கு இந்தத் தரநிலைகளின்படி அறிக்கை தயாரிக்கும் கட்டாயம் இல்லாவிட்டாலும், கையிருப்பை அறிய இதே முறைதான் உதவும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு சேலை வணிகர் அக்டோபரில் 100 வெள்ளி மதிப்புள்ள 100 அட்டைகளை விற்றார் என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் 10,000 வெள்ளி வந்தது. அவர் எழுத வேண்டியது: வங்கி இருப்பு 10,000 கூடியது; ‘பரிசு அட்டைப் பொறுப்பு’ 10,000 கூடியது. விற்பனைக் கணக்கில் ஒரு சென் கூட ஏறவில்லை.

டிசம்பர் 31க்குள் 6,000 வெள்ளிக்கான அட்டைகள் பயன்படுத்தப்பட்டன. இப்போது பொறுப்பில் 6,000 குறைகிறது. விற்பனையில் 6,000 ஏறுகிறது. கொடுத்த சேலைகளின் கொள்முதல் விலை, நூற்றுக்கு 60 வீதம், 3,600 வெள்ளி. ஆக, அந்த ஆண்டின் உண்மையான லாபம் 2,400 வெள்ளி. இன்னும் 4,000 வெள்ளி பொறுப்பாக நிற்கிறது.

அதே வணிகர் 10,000 வெள்ளியையும் விற்பனை என்று எழுதியிருந்தால் லாபம் 6,400 வெள்ளி என்று தெரியும். அடுத்த ஆண்டில் மீதி அட்டைகள் எல்லாம் வரும்போது 2,400 வெள்ளிக்கான சேலைகளைக் கொடுக்க வேண்டும். வரவு ஒன்றும் இராது. ஆகவே அந்த ஆண்டில் 2,400 வெள்ளி நட்டம். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தால் எந்த முறையிலும் லாபம் 4,000 வெள்ளிதான். ஆனால் இல்லாத லாபத்தை முதல் ஆண்டில் கண்டு, அதை நம்பிச் செலவு செய்துவிடுகிறோம். வரியும் அந்தக் கூடுதல் தொகையைச் சேர்த்தே கணக்கிடப்படும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் டிசம்பர் 31 வருவதால், நம்மவர்களின் பண்டிகை வியாபாரத்தில் இந்தப் பிழை நேர வாய்ப்பு அதிகம்.

அடிக்கடி தடுமாறும் இடங்கள்

அட்டையில் பாதிதான் பயன்பட்டால்? 100 வெள்ளி அட்டைக்கு 70 வெள்ளிச் சேலை எடுத்தால் 70 மட்டுமே விற்பனை. மீதி 30 பொறுப்பாகவே நிற்கும்.

100 வெள்ளி அட்டையை 90 வெள்ளிக்கு விற்றால்? வந்த பணம் 90. எனவே பொறுப்பும் 90. பிறகு 100 வெள்ளி விலையுள்ள பொருளைக் கொடுத்தாலும் விற்பனை 90 என்றே எழுத வேண்டும்.

இணையப் பணப்பட்டுவாடா நிறுவனம் கழிவு பிடித்தால்? 100 வெள்ளி அட்டைக்கு 97 வெள்ளிதான் வங்கிக்கு வந்தது என்றால், பொறுப்பு 100, கட்டணச் செலவு 3. வாடிக்கையாளருக்கு நீங்கள் தர வேண்டியது 100 வெள்ளிப் பொருள்தான்.

அட்டையில் வாங்கிய சேலையைத் திருப்பிக் கொடுத்தால்? அட்டையிலேயே மீண்டும் ஏற்றுவதுதான் சீரான வழி. விற்பனையில் குறைத்து, பொறுப்பில் கூட்ட வேண்டும்.

இலவசமாக எல்லாருக்கும் அனுப்பும் 10 வெள்ளித் தள்ளுபடிப் பற்றுச்சீட்டு? அதற்குப் பணம் எதுவும் வரவில்லை. எனவே அனுப்பும் நாளில் எழுத எதுவுமில்லை. பயன்படுத்தும்போது விலையைக் குறைத்து எழுதினால் போதும். காசு கொடுத்து வாங்கிய அட்டையையும் இந்த இலவசச் சீட்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிடாதீர்கள்.

வேறு நிறுவனத்தின் அட்டையையோ கைப்பேசி டாப் அப்பையோ விற்றுக் கொடுத்தால்? அங்கே நீங்கள் முகவர். 50 வெள்ளி டாப் அப் விற்றால் உங்கள் வருமானம் 50 இல்லை. உங்களுக்குக் கிடைக்கும் கழிவு மட்டுமே.

வராமலே போகும் அட்டைகள்

சிலர் அட்டையை மறந்துவிடுவார்கள். அந்தப் பணம் என்ன ஆகும்? ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2023 நிதியாண்டில் மட்டும், வாடிக்கையாளர் அட்டைகளில் போட்டுவிட்டுப் பயன்படுத்த வாய்ப்பில்லை என்று கணித்த தொகையிலிருந்து 20 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் வருமானமாகக் காட்டியது.

ஆனால் இதற்கும் விதி உண்டு. பல ஆண்டு அனுபவத்தால் எத்தனை பங்கு வராது என்று நம்பகமாகக் கணிக்க முடிந்தவர்கள், மற்ற அட்டைகள் பயன்படும் வீதத்திலேயே அந்தத் தொகையையும் சிறிது சிறிதாக வருமானத்தில் சேர்க்கலாம். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 1,000 வெள்ளி வராது என்று கணித்தால், வரக்கூடியது 9,000. அதில் மூன்றில் இரண்டு பங்கான 6,000 பயன்பட்டுவிட்டது. எனவே அந்த 1,000 வெள்ளியிலும் மூன்றில் இரண்டு பங்கை, ஏறக்குறைய 667 வெள்ளியை, இந்த ஆண்டு வருமானமாகக் காட்டலாம். புதிதாக அட்டை விற்பவருக்கு அந்த அனுபவம் இல்லை. அவர் காலாவதி முடியும் வரையோ, இனி யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்பது உறுதியாகும் வரையோ பொறுத்திருக்க வேண்டும்.

சேவைக்கு வாங்கும் பணம் வேறு

சேலையோடு ரவிக்கை தையல், மணப்பெண் ஒப்பனை, மருதாணி போன்றவற்றுக்கும் அட்டை விற்பவர்கள் உண்டு. இவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24(1A) பிரிவின்படி, இனிமேல் செய்யப்போகும் சேவைக்காக வாங்கும் முன்பணம், அதை வாங்கிய ஆண்டிலேயே வரிக்குரிய வருமானமாகக் கருதப்படும். 2016ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் இது நடப்பில் உள்ளது. கணக்குப் புத்தகத்தில் பொறுப்பு என்று இருந்தாலும் வரிப் பாரத்தில் அது வருமானம். ஆகவே பொருள் அட்டைக்கும் சேவை அட்டைக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்து, வரி முகவரிடம் இரண்டையும் காட்டுங்கள். ஆவணங்களை 7 ஆண்டுகள் பாதுகாப்பதும் சட்டப்படி கட்டாயம்.

அட்டை கையில் வைத்திருப்பவருக்கு

இந்தக் கணக்கு வாங்குபவரையும் தொடுகிறது. பிரிட்டனின் எச்எம்வி இசைத்தட்டுக் கடைகள் 2013 ஜனவரியில் நொடித்தபோது, கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பரிசு அட்டைகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர், சில நாள் கழித்தே மீண்டும் ஏற்றுக்கொண்டனர். நம் நாட்டில் 2017 ஜூனில் ட்ரூ ஃபிட்னஸ் உடற்பயிற்சி மையங்கள் திடீரென மூடப்பட்டபோது, முன்கூட்டியே பணம் கட்டிய உறுப்பினர்கள் பரிதவித்தனர். அட்டை வைத்திருப்பவர் கடைக்குக் கடன் கொடுத்தவர். அதுவும் ஈடு எதுவும் வாங்காமல் கொடுத்தவர்.

எனவே அட்டையை நீண்ட நாள் வைத்திருக்காதீர்கள். பணம் கட்டிய ரசீது, குறியீட்டு எண், காலாவதித் தேதி ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள். கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை.

ஒரு புத்தகம் போதும்

வணிகர்கள் பெரிய மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் அல்லது எக்செல் தாளில் எட்டுக் கட்டங்கள் போடுங்கள்: அட்டை எண், விற்ற தேதி, அட்டையின் மதிப்பு, வந்த பணம், காலாவதித் தேதி, பயன்படுத்திய தேதி, பயன்படுத்திய தொகை, மீதி. மாதக் கடைசியில் மீதிகளைக் கூட்டுங்கள். அந்தத் தொகையும் கணக்கில் உள்ள பரிசு அட்டைப் பொறுப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். தள்ளுபடியில் விற்ற அட்டைகளுக்கு மட்டும், மீதியையும் வந்த பணத்தின் அளவுக்கே எழுதுங்கள்.

அதோடு, நிலுவையில் உள்ள அட்டைகளுக்குச் சரக்கு வாங்கத் தேவையான பணத்தையாவது தனியே ஒதுக்கி வையுங்கள். நமது எடுத்துக்காட்டில் அது 2,400 வெள்ளி. அந்தத் தொகை தனிக் கணக்கில் இருந்தால், பொங்கலுக்கு நாற்பது பேர் அட்டையோடு வந்தாலும் “வாங்க” என்று மனமுவந்து சொல்லலாம்.