கடல்மீன் தொட்டியும் கண்ணுக்குத் தெரியாத ஊழியர்களும்

கோமாளி மீன்கள் துள்ளித் திரியும் கடல்நீர்த் தொட்டியொன்றை வீட்டில் வைத்துப் பேணவேண்டும் என்ற ஆசை வளர்ந்துவரும் இந்நாளில், அதற்கு எத்தகைய வடிகட்டி ஏற்றது என்று கேட்கும் அன்பர்களில் பலர், நீரைத் தெளிவாக்குவது ஒன்றே வடிகட்டியின் காரியம் என்று எண்ணிக்கொண்டு கேட்கிறார்கள். பளிங்காகத் தெளிந்த நீரிலும் மீன்கள் ஒரே இரவில் மடிந்துபோவதுண்டு. அவற்றைக் கொல்லும் விஷத்துக்கு நிறமில்லை. அந்த விஷத்தின் பெயர் அம்மோனியா.

மீன் உண்ட புரதத்தில் உள்ள நைட்ரஜன், பெரும்பாலும் அதன் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளியேறுகிறது. தின்னாமல் விட்ட இரையும் கழிவும் அழுகும்போதும் அதுவே உண்டாகிறது. எல்லையற்ற சமுத்திரத்தில் இது ஒரு பொருட்டன்று. ஆனால் 200 லிட்டர் நீருக்குள் அடைபட்ட ஜீவன்களுக்கு, தம் உடலிலிருந்து கழிந்ததே தமக்கு எமனாகிவிடுகிறது. மேலும், காரத்தன்மை மிகுந்த நீரில் அம்மோனியாவின் நச்சு வடிவம் பெருகும் என்பது ரசாயன நியதியாதலால், பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருக்கவேண்டிய கடல்நீரில், நன்னீரில் தாங்கத்தக்க அளவுகூட ஆபத்தாக முடியலாம்.

இந்த விஷத்தை முறிக்கும் ஊழியத்தை இயற்கை சில நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்திருக்கிறது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்பதை, 1890-ஆம் ஆண்டளவில் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி, மண்ணிலிருந்து அவற்றைப் பிரித்து வளர்த்து நிரூபித்தார். பாக்டீரியாக்களே இக்காரியத்தைச் செய்வன என்று நெடுங்காலம் நம்பியிருக்க, அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மீன் காட்சியகத்தின் கடல்நீர்த் தொட்டியொன்றிலிருந்து எடுத்த சரளைக்கற்களில், ஆர்க்கியா என்னும் வேறொரு குலத்தைச் சேர்ந்த நுண்ணுயிரும் அம்மோனியாவை உண்டு வாழ்வதை 2005-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள்; நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்று பெயர் பெற்ற அவ்வுயிரின் இனத்தார் சமுத்திரமெங்கும் நிறைந்திருப்பதும் தெரியவந்தது.

ஆகவே உயிர்வடிகட்டி என்பது இந்த ஊழியர்களுக்கு நாம் அமைத்துக் கொடுக்கும் வாசஸ்தலமே. அவர்கள் ஒட்டி வாழ விரிந்த பரப்பும், சுவாசிக்கப் பிராணவாயுவும், உணவைக் கொண்டுவந்து சேர்க்கும் இடையறாத நீரோட்டமும் வேண்டும். கடையில் எந்தச் சாதனத்தைக் காட்டினாலும், இம்மூன்றையும் எவ்வளவு சிறப்பாக அது அளிக்கிறது என்பதையே முதலில் விசாரிக்கவேண்டும்.

பழைய முறை, தொட்டியின் அடியில் துளையிட்ட தட்டைப் பரப்பி, அதன்மேல் சரளையிட்டு, நீரைச் சரளையின் ஊடே கீழ்நோக்கி இழுப்பது. செலவு குறைவு; ஆனால் நாளடைவில் சரளைக்கிடையே கசடு அடைந்து, அடிக்கடி உறிஞ்சி எடுக்காவிட்டால் நீரைக் கெடுத்துவிடும். இதற்குப் பின் பரவியது, பிளாஸ்டிக் பந்துகளின் மேல் நீரைச் சொட்டுச் சொட்டாக விழவைக்கும் முறை. காற்று தாராளமாகப் படுவதால் நுண்ணுயிர்கள் செழித்து அம்மோனியாவை விரைந்து மாற்றுகின்றன. ஆனால் நைட்ரேட்டோடு அவ்வேலை நின்றுவிடுகிறது. பெரும்பாலான மீன்கள் நைட்ரேட்டை ஓரளவு பொறுக்கும். பவளங்களுள் பல பொறுக்கமாட்டா.

நைட்ரேட்டையும் ஒழிக்கும் வழியை இயற்கையிலேயே கண்டவர்களுள் ஒருவர் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். லைவ் ராக் என்று இன்று விற்கப்படும் உயிர்ப்பாறைகளைத் தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழிகளால் நீரை அசைத்து, பவளங்களையும் மீன்களையும் வாழவைத்த தம் முறையை அவர் 1961-இல் எழுதி வெளியிட்டார். நுண்துளைகள் நிறைந்த பாறையின் மேற்புறத்தில் பிராணவாயுவை நாடும் உயிர்கள் அம்மோனியாவை மாற்ற, அவ்வாயு எட்டாத உட்புறத்தில் வேறு உயிர்கள் நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. மொனாக்கோவில் ழான் ஜோபேர் என்னும் விஞ்ஞானி ஆழ்ந்த மணற்படுகையைக் கொண்டு நடத்திய பரிசோதனைகளும் இதே தத்துவத்தைத் தழுவியவை. பாறையோடு ஸ்கிம்மர் என்னும் நுரைபிரிக்கும் சாதனத்தையும் இணைத்து, கழிவுகள் அழுகுமுன்பே அவற்றை நுரையோடு வெளியேற்றுவது பெர்லின் முறை.

இவற்றுள் எது சிறந்தது என்பதை, நீங்கள் வளர்க்க விரும்பும் ஜீவன்களே நிர்ணயிக்கும். மீன்களை மாத்திரம் வைத்து, நாள்தோறும் நிறைய இரையிடுவோருக்குச் சொட்டுநீர் வடிகட்டி போதும். கிரமமாக நீரின் ஒரு பகுதியை மாற்றினால் நைட்ரேட் அடங்கியிருக்கும். பவளமும் கடல்சாமந்தியும் வேண்டுவோர் பாறையும் ஸ்கிம்மரும் கொண்ட முறையையே நாடுக. ஆனால் தாமிரம் சேர்ந்த மருந்தைப் பாறையுள்ள தொட்டியில் ஊற்றலாகாது. முதுகெலும்பில்லாத உயிர்களை அது மாய்த்துவிடும். நோயுற்ற மீனுக்குத் தனித் தொட்டியே தக்கது. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊரில் இருப்போர் மூடிய டப்பாவுக்குள் நீரைச் செலுத்தி வடிக்கும் சாதனத்தை மட்டும் நம்பியிருத்தல் நன்றன்று. ஓட்டம் நின்று பிராணவாயு தீர்ந்ததும் உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் இறந்து நீரை நாறவைக்கும். பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது விவேகம்.

எந்த முறையைத் தேர்ந்தாலும், பொறுமை இல்லாதவருக்கு அது பலிக்காது. புதிய தொட்டியில் நுண்ணுயிர்கள் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. பாலுக்கு உறை ஊற்றுவதுபோல், நோயற்ற பழைய தொட்டியின் சரளையில் ஒரு பிடி இட்டால் அக்காலம் குறையும். சோதனைத் திரவங்களால் பரிசோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லை என்று தெரிந்த பின்னரே முதல் மீனை விடுதல் வேண்டும். அதன் பின்னும் ஒன்றொன்றாகவே சேர்க்கவேண்டும். வடிகட்டியின் உட்பொருளைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவினால் வாரக்கணக்கில் வளர்ந்த செல்வம் நொடியில் அழியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளை அணைத்து நிற்கும் மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள், கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. பாறையமைக்கும் பவளங்களை எடுப்பதும் விற்பதும் நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒரு கண்ணாடித் தொட்டியின் அழகுக்காக அந்தக் கடலைச் சிதைப்பது அநியாயம். உலர்ந்த செயற்கைப் பாறையும் சில மாதங்களில் நுண்ணுயிர்களால் நிறைந்து அதே பணியைச் செய்யும். கோமாளி மீன்களோ வளர்ப்புப் பண்ணைகளிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கப்பட்டுக் கிடைக்கின்றன. அவற்றையே கேட்டு வாங்குங்கள். கடலிலிருந்து பிடுங்கியதை விலை குறைந்து கிடைத்தாலும் மறுத்துவிடுங்கள்.