பூட்டிய சோதனைச்சாலைகள் திறந்த கதை

1665-ம் ஆண்டில் இங்கிலாந்தைப் பிளேக் நோய் ஆட்டி வைத்தது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையை மூடிவிட்டார்கள். அங்கே படித்துக்கொண்டிருந்த 22 வயது இளைஞர் ஐஸக் நியூட்டன் தமது கிராமத்துக்குத் திரும்பினார். நடுவே சில மாதங்கள் தவிர 1667 வரையில் அங்கேயே தங்கி, கணிதத்திலும் ஒளியின் ஆராய்ச்சியிலும் மூழ்கிக் கிடந்தார். காகிதமும், பேனாவும், ஒரு முப்பட்டைக் கண்ணாடியும் அவருக்குப் போதுமாக இருந்தன.

2020-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, கோவிட் உலகெங்கும் பரவிவிட்ட கொள்ளைநோய் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தபோது, அமெரிக்க சர்வகலாசாலைகளின் விஞ்ஞானிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எலிக்கூண்டுகளையும், பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி குளிரில் இயங்கும் பெட்டிகளையும் யார் வீட்டுக்குத் தூக்கிச் செல்ல முடியும்? சில நாட்களுக்குள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதாயிற்று. பல வருஷம் பாடுபட்டு உருவாக்கிய எலி வம்சங்களில் அவசியமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கொன்றுவிட நேர்ந்தது. கையிருப்பில் இருந்த முகமூடிகளும் கையுறைகளும் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

மே, ஜூன் மாதங்களில் கதவைத் திறக்கும் யோசனை எழுந்தது. அப்போதுதான் தெரிந்தது, பூட்டுவது சுலபம், திறப்பதுதான் கஷ்டம் என்று!

ஆளில்லாத அறையின் அபாயம்

முதல் அபாயம் நோய்க்கிருமி அல்ல. மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த அறையே அபாயமாகிவிட்டது. கை கழுவும் தொட்டியின் வடிகுழாய் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயு அறைக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். குழாயைத் திறக்க ஆளில்லாவிட்டால் அது வற்றிவிடும். ஓடாமல் தேங்கிய குழாய் நீரிலோ, நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். கண்ணில் அமிலம் தெறித்தால் கழுவுவதற்கென்று வைத்திருக்கும் குழாயும் இதற்கு விலக்கல்ல. ஆகவே முதல் வேலை எல்லாக் குழாய்களையும் திறந்து நன்றாக ஓட விடுவதுதான்.

ஈதர் போன்ற திரவங்கள் இன்னும் பொல்லாதவை. அவை காற்றிலுள்ள பிராணவாயுவோடு மெல்ல மெல்லச் சேர்ந்து பெராக்ஸைடு என்ற வெடிக்கும் பொருளை உண்டாக்கும். மாதக்கணக்கில் கிடந்த புட்டியின் மூடியைத் திருகினாலே ஆபத்து நேரலாம். புட்டியில் ஒட்டியிருக்கும் தேதியைப் பார்க்காமல் தொடக்கூடாது என்பது விதி.

இது வீண் பயமல்ல என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி உண்டு. 2020 மே 7-ந் தேதி விடியற்காலையில், ஊரடங்கினால் மூடிக் கிடந்து மறுபடி வேலை தொடங்க ஆயத்தமான ஒரு விசாகப்பட்டினம் பிளாஸ்டிக் தொழிற்சாலையில், தொட்டியில் தேங்கியிருந்த ஸ்டைரீன் தானாகவே சூடேறி ஆவியாக வெளிப்பட்டது. அக்கம்பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர்.

முதலில் யார் வருவது?

ஒரே நாளில் எல்லாரையும் அழைக்க முடியாது. ஆகையால் பல சர்வகலாசாலைகள் முதல் கட்டத்தில் நாலில் ஒரு பங்கு ஆட்களையே அனுமதித்தன. அறையின் பரப்பை அளந்து, இத்தனை சதுர அடிக்கு ஓர் ஆள் என்று கணக்கிட்டன. காலைக்கு ஒரு கோஷ்டி, மாலைக்கு ஒரு கோஷ்டி என்று முறை வைத்தன. ஒரு கோஷ்டியில் நோய் புகுந்தாலும் மற்றது தப்பிக்குமல்லவா?

ஆனால் கணக்கில் அடங்காத சங்கடம் ஒன்று இருந்தது. மாணவரின் உதவித்தொகை, பட்டம், சிபாரிசுக் கடிதம் எல்லாம் பேராசிரியரின் கையில். “இஷ்டமிருந்தால் வாருங்கள்” என்று அவர் சொன்னாலும், இஷ்டமில்லை என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? வீட்டில் நோயாளித் தாயார் இருக்கலாம். தமக்கே ஆஸ்துமா இருக்கலாம். இதை உணர்ந்த இடங்களில், வர மறுப்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்றும், பேராசிரியருக்குத் தெரியாமலே வேறொரு அதிகாரியிடம் முறையிடலாம் என்றும் வழி செய்தார்கள்.

துணையும் வேண்டும், தூரமும் வேண்டும்

சோதனைச்சாலையின் பழைய விதி, தனியாக வேலை செய்யாதே என்பது. கொள்ளைநோயின் புதிய விதி, அருகில் வராதே என்பது. இரண்டும் உயிர் காக்கும் விதிகளே. 2011-ல் அமெரிக்காவின் பழம்பெரும் சர்வகலாசாலை ஒன்றில், இரவில் பட்டறையில் தனியாக இருந்த ஒரு மாணவியின் கூந்தல் கடைசல் யந்திரத்தில் சிக்கி அவர் உயிரிழந்தார். கூப்பிட்ட குரலுக்கு ஒருவர் இருந்திருந்தால்?

ஆகவே சமரசம் ஒன்று கண்டார்கள். துணைவர் அதே கூடத்தில் எட்ட இருப்பார், அல்லது அடுத்த அறையில் இருந்து டெலிபோனில் அடிக்கடி விசாரிப்பார். ஆபத்தான சோதனைகளை ஆள் நடமாட்டமுள்ள நேரத்துக்கே ஒதுக்கினார்கள்.

சாப்பாட்டு வேளைதான் சோதனை வேளை

ஆரம்பத்தில் மேஜையையும் கைப்பிடியையும் ஓயாமல் துடைத்தார்கள். நாளடைவில் உண்மை விளங்கியது: கிருமி முக்கியமாகக் காற்றில் மிதந்தே பரவுகிறது. இந்த விஷயத்தில் சோதனைச்சாலைக்கு ஓர் அதிர்ஷ்டம். ரசாயன வாயுக்களை வெளியேற்றுவதற்காக அங்கே மணிக்கு ஆறு முறைக்கு மேலேயே காற்று மாறும். வெளிக்காற்று புதிதாக வந்துகொண்டிருக்கும். சாதாரண வகுப்பறைக்கு இந்த வசதி இல்லை.

அபாயம் ஒளிந்திருந்தது மின்தூக்கியிலும், காற்றோட்டமற்ற குளிர் அறையிலும், எல்லாவற்றையும்விட முகமூடியைக் கழற்றிவிட்டுச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அறையிலும்தான். எட்டு மணி நேரம் காத்த கட்டுப்பாட்டை அரை மணி நேர அரட்டை தொலைத்துவிடக்கூடும்!

இலினாய் சர்வகலாசாலையின் அனுபவமும் இதையே சொல்கிறது. அங்கே உமிழ்நீரிலேயே நோயைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொந்தமாக வகுத்து, 2020 ஆகஸ்டு முதல் வாரத்துக்கு இரு தடவை எல்லாரையும் பரிசோதித்தார்கள். மாணவர்கள் விருந்துக்குக் கூடுவார்கள் என்பதைக்கூடக் கணிதத்தில் சேர்த்திருந்தார்கள். நோய் இருப்பதாகத் தெரிந்த பிறகும் சிலர் விருந்துக்குப் போவார்கள் என்று மட்டும் அவர்கள் எண்ணவில்லை! நோய் கிடுகிடுவென்று ஏறியது. செப்டம்பர் தொடக்கத்தில் நடமாட்டத்தை ஒடுக்கிய பிறகே அடங்கியது.

2021-ல் தடுப்பூசி பரவலானதும் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 2023 மே 5-ந் தேதி நெருக்கடி நிலை முடிந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. முறை வைத்த பட்டியல்களும் தரையில் ஒட்டிய அடையாளங்களும் மறைந்தன. ஆனாலும் இன்னொரு கொள்ளைநோய் வராது என்று யாரால் உறுதி கூற முடியும்? அன்று கதவைச் சாத்தப் போகிறவர்கள் புட்டிகளில் தேதி எழுதி வைக்கட்டும். ஆளில்லாத அறைகளின் குழாய்களை வாரம் ஒரு முறை திறந்துவிட ஒருவரை நியமிக்கட்டும். எந்த மாணவர் எந்தக் காரணத்தால் வர முடியாது என்பதை, அவரைக் கூச வைக்காமல் கேட்டறியும் வழியையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளட்டும்.