உங்களுக்குத் தெரியுமா? தோலில் தொடங்கி ஷூ வரை

போலந்து 1990 ஜனவரி 1 அன்று விலைக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றை ஒரே வீச்சில் நீக்கியது. சீனா 1978 முதல் படிப்படியாகச் சந்தையைத் திறந்தது. சீர்திருத்தத்தை ஒரே வீச்சில் செய்வதா, படிப்படியாகவா, எது முதலில், எது பிறகு என்ற இதே கேள்வியை, தமிழ்நாட்டில் பாலாற்றை ஒட்டிய ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பட்டறைகளும் சந்தித்தன.

● முதல் படி: பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் குறைக்க 1972-இல் இந்திய அரசின் சீதாராமையா குழு பரிந்துரைத்தது. பாதி பதனிட்ட தோலுக்கு ஏற்றுமதி அளவு வரம்பு வந்தது.

● அடுத்த படி: பட்டறைகள் முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும், பிறகு ஷூ மேற்பாகம், முழு ஷூ தயாரிப்புக்கும் நகர்ந்தன. வேலையும் மதிப்பும் உள்ளூரிலேயே தங்கின.

● பிந்திய படி: கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு உற்பத்திக்கு ஈடுகொடுக்கவில்லை. பாலாறும் கிணறுகளும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஒவ்வொரு தோல் பட்டறைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

ஏன் முக்கியம்? தொழிலில் படிப்படியாக ஏறியது ஆம்பூருக்குப் பலன் தந்தது. சுத்திகரிப்பைக் கடைசிக்குத் தள்ளியதன் விலையைப் பாலாற்றங்கரை விவசாயிகள் கொடுத்தார்கள். சீர்திருத்தத்தில் வேகத்தைப் போலவே வரிசையும் முக்கியம். தண்ணீரைக் காக்கும் படி முதலிலேயே வர வேண்டும்.