மூன்று வோல்ட் விளக்கும் 230 வோல்ட் ஒயரும்

சீரியல் செட்டில் இருக்கும் ஓர் எல்.இ.டி. எரிவதற்கு இரண்டு அல்லது மூன்று வோல்ட் போதும். டார்ச் லைட்டில் போடும் இரண்டு பேட்டரி செல்களே அதற்குப் போதுமானவை. ஆனால் அந்தச் செட்டின் பிளக்கை நாம் சொருகுவது 230 வோல்ட் பிளக் பாயிண்டில். விளக்கு சிறியது, ஒயர் மெல்லியது, தொட்டால் சுடுவதும் இல்லை. அதனால் இதில் ஷாக் அடிக்காது என்று நம்பிப் பலர் ஈரக்கையோடும் இதைத் தொட்டுவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு.

நவராத்திரிக் கொலுவில் தொடங்கி தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் வரைக்கும் நம் வீடுகளில் இந்த விளக்குகளுக்கு வேலை இருக்கிறது. அந்தச் சிறு விளக்குகள் எப்படி எரிகின்றன என்று புரிந்துகொண்டால், எதை வாங்குவது, எங்கே மாட்டுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

மெழுகுவர்த்திக்கு மாற்றாக

கிறிஸ்துமஸ் மரத்தில் உண்மையான மெழுகுவர்த்திகளை ஏற்றி வைப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழக்கமாக இருந்தது. காய்ந்த ஊசியிலை மரமும் திறந்த சுடரும் ஒரே அறையில் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1882 செப்டம்பரில் எடிசனின் மின் நிலையம் நியூயார்க்கில் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன், தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 மின்விளக்குகளைப் பொருத்தினார். மரமே மின்சாரத்தால் மெல்லச் சுழன்றது. 1895-இல் அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகை மரத்திலும் மின்விளக்குகள் எரிந்தன. 1903-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஒயர் இணைத்த தயார் செட்டுகளை விற்கத் தொடங்கியது. அதுவரை ஒவ்வொரு மரத்துக்கும் எலக்ட்ரீஷியன் வந்து ஒயர் இழுக்க வேண்டியிருந்ததால், இது பணக்காரர்கள் மட்டுமே செய்துகொள்ளக்கூடிய அலங்காரமாக இருந்தது.

ஆக, தீ அபாயத்துக்கு நல்ல மாற்றாக அமைந்த விளக்கு இது. அந்தப் பாதுகாப்பைக் கெடுக்காமல் பயன்படுத்துவது நம் கையில் இருக்கிறது.

ஒன்றன்பின் ஒன்றாக

வீட்டில் உள்ள ஃபேன், டியூப் லைட், ஃபிரிட்ஜ் எல்லாம் பக்க இணைப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் தனித்தனியாகக் கிடைக்கிறது. ஒன்றை அணைத்தாலும் மற்றவை ஓடும். சீரியல் செட்டில் விளக்குகள் தொடரிணைப்பில் இருக்கின்றன. முதல் விளக்கின் வழியாகப் போன மின்னோட்டமே இரண்டாவதற்குப் போகிறது, பிறகு மூன்றாவதற்கு. 230 வோல்ட்டும் அத்தனை விளக்குகளுக்குள் பங்கு பிரிகிறது. ஒரு விளக்குக்கு 6 வோல்ட் என்றால் ஏறக்குறைய 38 விளக்குகளைக் கோத்தால் கணக்கு சரியாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், செலவும் குறைவு.

இதை ஒரு படிக்கட்டாக நினைத்துப் பாருங்கள். உச்சி 230 வோல்ட், தரை பூஜ்யம். ஒரு விளக்கு ஒரு படி. ஒவ்வொரு படியின் உயரமும் சில வோல்ட்டுகள்தான். ஆனால் மேற்படியில் நிற்பவர் தவறி விழுந்தால் ஒரு படி உயரத்துக்கு விழுவதில்லை, தரை வரைக்கும் விழுகிறார். சரத்தின் தொடக்கத்தில் ஒயர் உரிந்திருந்து, தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவர் அதைத் தொட்டால் அவர் உடலுக்குக் குறுக்கே வருவது 3 வோல்ட் அல்ல, ஏறக்குறைய முழு 230 வோல்ட். நடுவில் தொட்டால் இடையிலுள்ள விளக்குகளும் மின்தடைகளும் மின்னோட்டத்தை ஓரளவு கட்டுப்படுத்தும். தொடக்கத்தில் தொட்டால் தடுக்க எதுவுமே இல்லை.

தொடரிணைப்பின் இன்னொரு குணம், ஒன்று அறுந்தால் எல்லாம் அணைவது. இதற்குப் பழைய இழை பல்புகளில் ஓர் அழகான தீர்வு இருந்தது. கண்ணாடிக்குள் டங்ஸ்டன் இழைக்குக் கீழே, அதைத் தாங்கும் இரண்டு கம்பிகளையும் சுற்றி இன்னொரு மெல்லிய கம்பி இருக்கும். அதன் மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு பூச்சு. சாதாரணமாக அந்தக் கம்பிக்கு வேலை இல்லை. இழை அறுந்ததும் மின்னோட்டம் நின்றுபோய், முழு மின்னழுத்தமும் அந்த ஒரு பல்புக்குக் குறுக்கே வந்து நிற்கும். அந்த அழுத்தம் தாங்காமல் பூச்சு உடைந்து, கம்பி பாலமாக மாறும். அந்தப் பல்பு மட்டும் அணைந்திருக்கும், மற்றவை எரியும். ஆனால் அதன் பங்கு மின்னழுத்தத்தை மற்ற பல்புகள் சுமக்க வேண்டும். அவை கூடுதலாகச் சூடேறி, விரைவில் பழுதாகும். அதனால்தான் அணைந்த பல்புகளை உடனுக்குடன் மாற்றச் சொல்வார்கள்.

நிறம் வந்த வழி

எல்.இ.டி.யில் இழை கிடையாது. குறைகடத்திப் பொருளுக்குள் எலக்ட்ரான் ஆற்றலை இழக்கும்போது அந்த ஆற்றல் ஒளியாக வெளிவருகிறது. எந்தப் பொருள் என்பதைப் பொறுத்து நிறம் அமையும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை 1962-இல் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். பளிச்சென்ற நீலம் கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் தொங்கவிடும் வெள்ளை விளக்குகளுக்குள் இருப்பதும் நீல எல்.இ.டி.தான். அதன் மேலுள்ள மஞ்சள் பாஸ்பர் பூச்சு நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது.

மின்சாரச் செலவிலும் பெரிய வேறுபாடு உண்டு. நூறு சிறு இழை பல்புகள் கொண்ட செட் சுமார் 40 வாட் எடுக்கும். அப்படி ஐந்து செட்டுகளை ஐந்து மணி நேரம் எரித்தால் ஒரு யூனிட். அதே எண்ணிக்கையில் எல்.இ.டி. என்றால் யூனிட்டில் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது. சூடும் குறைவு. கிறிஸ்துமஸ் காகித ஸ்டாருக்குள் 60 வாட் குண்டு பல்பு மாட்டும் பழக்கத்தை விட்டு எல்.இ.டி.க்கு மாற இது ஒன்றே போதுமான காரணம். வைக்கோல் வேய்ந்த குடிலுக்கும் இதே விதி.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நம் கடைகளில் அதிகம் விற்கும் செட்டில், பிளக்குக்குப் பக்கத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். நடுவில் ஒரு பொத்தான். அழுத்த அழுத்த ஓடுவது, மின்னுவது, மெல்ல மங்குவது என்று விளக்குகள் எரியும் விதம் மாறும். பெட்டியைத் திறந்தால் உள்ளே நான்கு சிறு டயோடுகள், கறுப்புப் பிசின் துளிக்கு அடியில் ஒரு சிப், அதன் அருகே வரிசையாகச் சில தைரிஸ்டர்கள். டயோடுகள் மாறுதிசை மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. எந்த வரிசை எப்போது எரிய வேண்டும் என்று சிப் முடிவு செய்கிறது. தைரிஸ்டர் ஒவ்வொன்றும் ஒரு வரிசைக்கு ஸ்விட்ச். செட்டில் கால்வாசி விளக்குகள் மட்டும் எரியாமல் இருந்தால், பெரும்பாலும் அந்த ஒரு வரிசையில் எங்கோ ஓர் எல்.இ.டி. பழுதாகியிருக்கும், அல்லது அதன் கால் விட்டுப்போயிருக்கும்.

அந்தப் பெட்டிக்குள் இல்லாத ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும். அதில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. பார்க்க அடாப்டர் மாதிரி இருந்தாலும் அது மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. பெட்டியைத் தாண்டிப் போகும் ஒயர் முழுவதும் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது.

அடாப்டர் வைத்த செட் வேறு வகை. அதன் அடாப்டரில் 'அவுட்புட்' என்ற இடத்தில் 5, 12, 24 அல்லது 31 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே உள்ள டிரான்ஸ்ஃபார்மர் வீட்டு மின்சாரத்தையும் விளக்கு ஒயரையும் பிரித்து வைக்கிறது. அதிலிருந்து வரும் ஒயர் எங்காவது உரிந்தாலும் உயிருக்கு ஆபத்து வருவது அரிது. குழந்தைகள் கைக்கு எட்டும் கொலுப் படி, ஜன்னல் திரை, கிறிஸ்துமஸ் மரம், இரும்பு கிரில், கேட் ஆகிய இடங்களுக்கு இந்த வகைதான் ஏற்றது. விலை கூடுதல் என்றாலும் அந்தப் பணம் வீண் இல்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில், அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கைப்பிடிச் சுவரின் நீளத்தோடு, பிளக் பாயிண்டிலிருந்து சுவர் வரை வேண்டிய ஒயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒயர் போதாமல்தான் நடுவில் ஒட்டுப் போடும் நிலை வருகிறது.

இரண்டாவது, மழை. தீபாவளியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகின்றன. வெளியில் மாட்டும் விளக்கின் பெட்டியில் ஐ.பி. என்ற எழுத்துகளோடு இரண்டு இலக்கங்கள் இருக்க வேண்டும். முதல் இலக்கம் தூசியிலிருந்தும் இரண்டாவது தண்ணீரிலிருந்தும் கிடைக்கும் பாதுகாப்பைக் குறிக்கும். 20 என்றால் வீட்டுக்குள் மட்டும். 44 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 65 என்றால் பீய்ச்சியடிக்கும் நீரையும் தாங்கும். மொட்டை மாடிக்கு 65 நல்லது. விளக்கு 65 என்றாலும் அதன் அடாப்டர் பல நேரங்களில் நனையக் கூடாதது. அதை வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

மூன்றாவது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும். இவை இல்லாத செட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நான்காவது, நிறம். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள 'வார்ம் வைட்' அகல் சுடரின் நிறத்துக்கு நெருங்கி வரும். 6500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை. கார்த்திகை அகல்களுக்குப் பக்கத்தில் முன்னது பொருந்தும், பின்னது அகலின் ஒளியை அமுக்கிவிடும். வீட்டின் விளிம்புகளுக்கு ஒரே நிறம், அணையாமல் எரியும் விளக்கு. மின்னும் செட் ஒரே ஒரு இடத்தில். இப்படிச் செய்தால் வீடு அமைதியாக அழகு பெறும்.

மாட்டும் முறை

செட்டை முழுதாகப் பிரித்துத் தரையில் விரித்து ஒரு முறை எரியவிட்டுப் பாருங்கள். சுருட்டிய நிலையில் நெடுநேரம் எரிய விட வேண்டாம். எல்லாம் எரிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டத் தொடங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வயரிங்கில் சில ஸ்விட்சுகள் ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலைத் துண்டிக்கும்படி இணைந்திருக்கும். அப்போது விளக்கு அணைந்திருந்தாலும் ஒயரில் மின்சாரம் இருக்கும்.

கட்டுக்கம்பியால் கட்டுவதும், ஆணியை ஒயர் மேலேயே அடிப்பதும் கூடாது. கம்பி அழுத்த அழுத்த ஒயரின் பிளாஸ்டிக் உறை அறுபட்டு, ஒருநாள் இரும்பு கிரில் முழுவதும் மின்சாரம் பாயும். நைலான் கயிறு, பிளாஸ்டிக் டை, ஒட்டும் கொக்கி ஆகியவை போதும். பிளக் பாயிண்டுக்குள் நுழையும் ஒயரை, பிளக்குக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள். ஒயர் வழியே வழியும் மழைநீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டுக்கு வரும் ஈ.பி. சர்வீஸ் ஒயரிலோ அதன் குழாயிலோ எதையும் கட்டாதீர்கள். அந்தப் பக்கம் இரும்பு, அலுமினிய ஏணிகளையும் கொண்டுபோகாதீர்கள்.

நம் ஊரில் உடனே நிறுத்த வேண்டிய ஒரு பழக்கம் உண்டு. பிளக் இல்லாத ஒயரின் நுனிகளை உரித்து, சாக்கெட்டின் ஓட்டைக்குள் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சி சொருகுவது. ஒயர் சரியாகத் தொடாத இடத்தில் பொறி பறக்கும், சாக்கெட் சூடேறும், பக்கத்தில் இருப்பதோ தீக்குச்சி. ஒரு நல்ல பிளக்கின் விலை இந்த ஆபத்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது.

எல்லாவற்றுக்கும் மேலான காவல் ஆர்.சி.சி.பி. என்ற டிரிப் ஸ்விட்ச். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். யாரோ ஒருவரின் உடல் வழியாகக் கொஞ்சம் தரைக்குக் கசிந்தால் கணக்கு இடிக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் இது நொடியின் சிறு பகுதியில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மெயின் போர்டில் இருக்கும் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் அது கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால், விளக்கு வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அது பொருத்தப்படாத வீடு என்றால், இந்த ஆண்டு அலங்காரச் செலவின் முதல் வரியாக அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பண்டிகை முடிந்ததும் செட்டை அட்டையில் சுற்றி, எலி கடிக்காத டப்பாவில் வையுங்கள். அடுத்த ஆண்டு எடுக்கும்போது ஒயரை விரல்களால் தடவி, உரிந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டேப் ஒட்டிச் சமாளிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். தூங்கப் போகும்போதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகும்போதும் அலங்கார விளக்குகளை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இத்தனைக்கும் ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான்.